அக்கரை பயம், தீவு பத்திரம் என்று நினைத்திருந்தேன்

மலேசியாவின் பினாங்கில் எந்த ஊர் பத்திரம், எங்கே கவனம் வேண்டும் என்று எல்லாரும் எழுதியதைப் படித்தேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் அக்கரையில், அதாவது தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பக்கம், பிறையில் பிறந்து வளர்ந்தவள். 22 வருடம் பேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் வேலை செய்தேன். அதனால் இரண்டு கரையும் தெரியும்.

சின்ன வயதிலிருந்து கேட்டது ஒன்றுதான். பட்டர்வொர்த், பிறை பக்கம் என்றால் கேங், வெட்டுக்குத்து. தீவு சுற்றுப்பயணிகள் வரும் இடம், பயமில்லை. ஆனால் இரவு 11 மணிக்கு மேல் பஸ் பிறையில் இறக்கிவிட்ட பிறகு, கருமாரியம்மன் கோவில் தாண்டி எத்தனையோ நாள் தனியாக நடந்திருக்கிறேன். ஒருவரும் வம்பு செய்ததில்லை. முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அண்ணன், "என்னம்மா, இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டுவிட்டு நான் சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

என் தாலிக்கொடி அறுந்தது தீவில், ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியா பக்கம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. காலை 11 மணி, நல்ல வெயில், சுற்றிலும் ஆள்கள். கோவிலில் கும்பிட்டுவிட்டு ரோட்டின் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் வந்தது. தெரிந்தவர் யாரோ தோளில் தட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கழுத்து எரிந்தது. மூன்று பவுன். கொடி இரண்டாக அறுந்து, ஒரு துண்டும் தாலியும் மட்டும் ரவிக்கைக்குள் தங்கிவிட்டன. வண்டி நம்பரில் 'பி' என்ற எழுத்தைத்தான் பார்த்தேன். பினாங்கில் பதிந்த முக்கால்வாசி வண்டிக்கும் அதுதானே முதல் எழுத்து!

பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்தில் வைத்தார். "போன மாசம் ரெண்டு பேருக்கு இப்படித்தான் ஆச்சு. ஒருத்தரும் ரிப்போர்ட் போடல, நீயாவது போடும்மா" என்றார்.

போட்டேன். கொடி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அக்கா சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது. கொலை, கொள்ளை, வாகனத் திருட்டு, வழிப்பறி என்று போலீஸ் கணக்கு வெளியிடுகிறதே, அதில் ஒரு சம்பவம் ஏற வேண்டுமென்றால் யாராவது பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போயிருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் போகவில்லை. அதனால் அந்தத் தெரு கணக்கில் அமைதியான தெரு. ரோந்து எங்கே அதிகம் தேவை என்று பிறகு எப்படித் தெரியும்? இன்னொன்று, பினாங்கில் போலீஸ் மாவட்டம் மொத்தம் ஐந்துதான், தீவில் இரண்டு, அக்கரையில் மூன்று. பிறையும் புக்கிட் மெர்தாஜமும் ஒரே மாவட்டம். மாவட்ட எண்ணை வைத்து என் தாமான் (குடியிருப்பு) எப்படி என்று யாரும் சொல்ல முடியாது.

என் பெரியப்பா கதை இதைவிட வேதனை. புக்கிட் மெர்தாஜமில் கேட் போட்ட தாமான். வாசலில் ஜாகா (காவலாளி), ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. அவருக்கு ஒரு போன் வந்தது. உங்கள் பெயரில் கோர்ட்டில் கேஸ் இருக்கிறது, விசாரணை ரகசியம், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார்கள். 38,000 வெள்ளி (ரிங்கிட்), ஓய்வுக்காலத்துக்கு ஈபிஎஃப்பில் சேர்த்த பணம், மூன்று தடவையாகப் போனது. பேங்க் வாசலில் காருக்குள் உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அவர்கள் சொன்னபடி செய்திருக்கிறார். வெட்கப்பட்டு நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பணம் எத்தனை கணக்கு மாறியதோ. மோசடிக்கென்றே 997 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. பணம் போன உடனே அழைத்தால்தான் அந்தக் கணக்கை முடக்க வழி உண்டு. உங்கள் அம்மா அப்பா போனில் இன்றே அதைப் பதிந்து கொடுங்கள், தயவுசெய்து. இந்த மோசடியெல்லாம் நான் முன்பு சொன்ன போலீஸ் கணக்கில், அதாவது குற்றக் குறியீட்டில், சேராது, வணிகக் குற்றம் என்று தனிக் கணக்கு. குறியீடு இறங்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா முகம்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது நான் வண்டிகள் எதிரே வரும் பக்கமாகத்தான் நடக்கிறேன். பை எப்போதும் கடைப் பக்கத் தோளில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போனால் மஞ்சள் கயிறு மட்டும்.

போன மாதம் அந்த அக்காவிடம் பூ வாங்கப் போனேன். காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தியின் பையை அங்கேயே பறித்திருக்கிறார்கள். வீட்டில் திட்டுவார்கள், ரிப்போர்ட் வேண்டாம் என்று அழுதாளாம். அக்கா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, கையில் நாரோடு அவளைப் பாலாய்க்குக் கூட்டிப் போய், ரிப்போர்ட் எழுதி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.