நெட்டி எடுக்க வேணாம் சித்தப்பா

குரூப்: குகை பெரிய வீடு
ஞாயிற்றுக்கிழமை

சிவதாபுரம் சித்தப்பா, காலை 6:48
எல்லாருக்கும் காலை வணக்கம். பாப்பா ஊருக்கு வந்திருக்கியாமே, உங்கம்மா சொன்னாங்க. ஒன்னு கேக்கணும் கண்ணு, நேத்து ராத்திரி சலூன்ல சேவிங் முடிச்சுட்டு தலைய புடிச்சு விட்டு கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்தாங்க, டக் டக்குனு கேட்டுச்சு அப்ப சொகமாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து படுத்ததுல இருந்து வலது பக்கம் பின்னந்தலைல ஒரே வலி, எந்திரிச்சா லேசா கிர்ருங்குது. நீ படிச்சது இதுதானே, நீ வந்து ஒருக்கா சரியா திருப்பி விட்டா போயிருமா

நான், 6:51
சித்தப்பா யாரையும் கழுத்த தொட விடாதீங்க, நானும் தொட மாட்டேன். இதுக்கு மட்டும் உடனே பதில் போடுங்க. பேச்சு குழறுதா? பாக்கறது ரெண்டு ரெண்டா தெரியுதா? மூஞ்சில ஒரு பக்கம் மரத்துப் போன மாதிரி இருக்கா? நடந்தா ஒரு பக்கமா தள்ளுதா? இந்த மாதிரி வலி முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?

சிவதாபுரம் சித்தப்பா, 6:54
அதெல்லாம் ஒன்னும் இல்ல சாமி. பட்டறைல குனிஞ்சே இருக்கறதால கழுத்து வலி எப்பவும் இருக்கறதுதான், ஆனா இது வேற மாதிரி இருக்கு

நான், 6:55
அந்த "வேற மாதிரி"ங்கறதுதான் எனக்கு பயம். சித்தி, இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு கிளம்புங்க, பைக் வேணாம், கார் கிடைக்கலன்னா 108 கூப்புடுங்க. நானும் நேரா அங்க வந்துடறேன். டாக்டர்கிட்ட "நேத்து கழுத்த திருப்பி நெட்டி எடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் வலியும் தலசுத்தலும்"னு இதே மாதிரி சொல்லுங்க, வெறும் தலசுத்தல்னு மட்டும் சொன்னா பிரஷர் பாத்துட்டு அனுப்பிரக் கூடும்

சித்தி, 6:57
கிளம்பிட்டோம் கண்ணு

தம்பி பெங்களூர், 7:20
அக்கா என்னாச்சு, நெட்டி எடுத்ததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி

நான், 7:26
வண்டில போயிட்டே டைப் பண்றேன்டா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ரெண்டு, கழுத்து எலும்புல இருக்கற ஓட்டை வழியாத்தான் மேல ஏறுது, தலைய சடார்னு முறுக்கறப்ப அந்தக் குழாயோட உள் பக்கம் கிழியலாம். ரொம்ப அபூர்வம்தான், ஆனா கிழிஞ்ச எடத்துல ரத்தம் கட்டி அது மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். அன்னைக்கே வரணும்னு இல்ல, ரெண்டு மூணு நாள் கழிச்சும் வரலாம். அதனாலதான் புது மாதிரி வலி, கூட தலசுத்தல்னா வீட்ல வெச்சு பாத்துட்டு இருக்கக் கூடாது

சித்தி, மதியம் 1:18
ரத்தக் குழாய் தெரியற ஸ்கேன் எடுத்தாங்க, கிழிசல் எதுவும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். சதைப்பிடிப்புதானாம். மாத்திரை குடுத்து ஒரு வாரம் பட்டறைக்கு போகக் கூடாது, கழுத்த சடார்னு திருப்பக் கூடாது, தலசுத்தல் அதிகமானா உடனே வரணும்னு சொல்லிருக்காங்க. இப்பதான் வீட்டுக்கு வந்தோம். மாரியாத்தா காப்பாத்திட்டா

ஏற்காடு அத்தை, 1:21
இப்பதான் உசுரு வந்துச்சு எனக்கு. காலைல இருந்து மேல டவரும் சரியா இல்ல, போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்

அம்மாபேட்டை பெரியப்பா, 1:40
நல்லபடியா வந்தது சந்தோசம். ஆனா பாப்பா, நான் கோவிச்சுக்கறதா நினைக்காத, எங்க காலத்துல இருந்து சலூன்ல நெட்டி எடுத்துட்டுத்தான் இருக்கோம். நீ நாலு வருசம் மலேசியால படிச்சு பண்றதும் அந்த முதுகுல டக்குனு எடுக்கற வைத்தியம்தானே, வீடியோல எல்லாம் பாத்திருக்கேன். இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்

நான், 2:05
கோவம் எதுக்கு பெரியப்பா, எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி இது. முதல்ல அந்த டக் சத்தம். எலும்பு விலகி இருந்து எடத்துல போய் உக்காந்த சத்தம் இல்ல அது. மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கு, மூட்டு சட்டுனு விரியறப்ப அதுல கரைஞ்சிருக்கற வாயு குமிழா வர்றப்ப கேக்கற சத்தம்தான். விரல்ல சொடக்கு எடுக்கறமே அதே சத்தம். சத்தம் வந்தா குணமாச்சுன்னும் இல்ல, வரலன்னா குணமாகலன்னும் இல்ல. கொஞ்ச நேரம் சொகமா இருக்கும் அது நெஜம், ஆனா வலிக்கு காரணமான பழக்கம் அப்படியேதான் இருக்கும்

நான், 2:11
எங்க வைத்தியத்துக்கு கைரோபிராக்டிக்னு பேரு, 1895ல அமெரிக்கால டேவன்போர்ட்ங்கற ஊர்ல பால்மர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. காது சரியா கேக்காத ஒருத்தருக்கு முதுகுல ஒரு எலும்ப தள்ளி விட்டேன், காது கேட்டுச்சுன்னு அவர் சொன்னார், முக்காவாசி நோய்க்கு முதுகெலும்புதான் காரணம்னும் சொன்னார். அத நான் நம்பல, என்கூட படிச்சவங்களும் நிறைய பேர் நம்பல. சுகருக்கும் ஆஸ்துமாவுக்கும் முதுக தட்டி சரி பண்றேன்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. இடுப்பு வலி, கழுத்து வலி, மூட்டு இறுக்கம், இதுக்குத்தான் இந்தக் கை. அதுலயும் வர்றவங்ககிட்ட முதல்ல அரை மணி நேரம் பேசுவேன். எலும்பு தேஞ்சவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறவங்க, தலசுத்தல் இருக்கறவங்க கழுத்துல கையே வைக்க மாட்டேன். சலூன்ல இத யார் கேக்கறாங்க? அவங்க மேல தப்பு சொல்லல, பழக்கத்துல அன்பா பண்றாங்க. ஆனா நம்ம நாட்டுல இந்த வைத்தியத்துக்குன்னு தனி கவுன்சில் கிடையாது, அதனால போர்டு வெச்சிருந்தாலும் எங்க எத்தன வருசம் படிச்சீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க

அம்மாபேட்டை பெரியப்பா, 2:19
சரி ஒத்துக்கறேன். எனக்கு அறுவத்தெட்டு ஆச்சு, அம்பது வருசமா குழித்தறில உக்காந்து வெண்பட்டு நெய்யறேன், எனக்கு இடுப்பு வலி இல்ல. இவனுக்கு அம்பத்தி நாலுதான், இப்படி ஆயிட்டான். அது எப்படி

நான், 2:24
பெரியப்பா இதத்தான் எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன். நீங்க விடியக்காலைல தெருவுல பாவு போடறப்ப எத்தன தடவ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறீங்க. தறில உக்காந்தாலும் கால் மிதிச்சுட்டே இருக்கு, கை நாடாவ இழுத்துட்டே இருக்கு, இழை அறுந்தா எந்திரிச்சு முடிச்சு போட்டுட்டு வந்து உக்காருறீங்க. அந்த எந்திரிக்கறதுதான் உங்கள காப்பாத்துது. வேலை கஷ்டமா இருக்கறதால மட்டும் உடம்பு வலிக்கறதில்ல, ஒரே நிலைல அசையாம கிடந்தாலும் வலிக்குது

நான், 2:33
இப்ப சித்தப்பாவ பாருங்க. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு போயிருந்தேன், அவர் கவனிக்கல, நான் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். தரைல சம்மணம் போட்டு உக்காந்திருக்கார், முன்னாடி அந்த சின்ன பலகை, அது முழங்கால் ஒசரம் கூட இல்ல. கொலுசு வளையம் ஒவ்வொன்னா இடுக்கில புடிச்சு பத்த வைக்கறார், தாடை நெஞ்சுல இடிக்கற அளவுக்கு குனிஞ்சிருக்கார். நான் அங்க இருந்த இருவது நிமிசமும் தலை ஒரு தடவ கூட நிமிரல. நம்ம தலை அஞ்சு கிலோ கிட்ட வரும், நேரா இருந்தா முதுகெலும்பு அத தாங்கிக்கும், முன்னாடி குனிய குனிய கழுத்து சதைதான் பின்னாடி இருந்து இழுத்துப் புடிக்கணும். அறுவது டிகிரி குனிஞ்சா கிட்டத்தட்ட 27 கிலோ பாரம் கழுத்துல விழும்னு 2014ல ஒரு டாக்டர் கணக்கு போட்டுக் காட்டினார். செல்போன் பாக்கறவங்களுக்காக போட்ட கணக்கு அது, சித்தப்பா காலைல ஒம்போது மணில இருந்து ராத்திரி வரைக்கும் அப்படித்தான் இருக்கார்

நான், 2:38
ஆனா அவர் எதுக்கு அவ்வளவு குனியறார் தெரியுமா? கண்ணு தெரியல. அதான் காரணம். நாப்பது வயசுக்கு மேல கிட்டத்துல இருக்கறது மங்கும், அந்த வளையம் அரிசி அளவுதான் இருக்கு, அதனால மூஞ்சிய கொண்டு போய் அதுல வெக்கறார். பட்டறைல ஒரே ஒரு டியூப் லைட்டு, அதுவும் அவர் முதுகுக்குப் பின்னாடி, அவரோட நிழல் அவர் வேலை மேலயே விழுது. கழுத்துக்கு எத்தன தைலம் தேச்சாலும் எத்தன தடவ நெட்டி எடுத்தாலும் கண்ணாடி போடாம இந்த வலி போகவே போகாது சித்தப்பா

சித்தி, 2:41
கண்ணாடி வாங்கி ஆறு வருசம் ஆச்சு. பீரோல இருக்கு. வேர்த்து வழுக்குதுன்னு போடறதே இல்ல

நான், 2:43
ஆறு வருசத்துல பவர் மாறியிருக்கும் சித்தி. புதுசா பாத்து, பின்னாடி கயிறு கட்டிக்கலாம் வழுக்காது

தம்பி பெங்களூர், 2:50
அக்கா நான் கட்டில்ல படுத்துட்டேதான் லேப்டாப் பாக்கறேன், இடுப்புல ஒரு பக்கம் புடிக்குது. ஆபீஸ்ல எல்லாரும் இடுப்பு பெல்ட் வாங்கறாங்க நானும் ஆர்டர் போடவா

நான், 2:56
பெல்ட் வேணாம். 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல உடற்பயிற்சி இருக்கு, கையால பண்ற எங்க சிகிச்சையும் இருக்கு, பெல்ட்டும், எடை கட்டி இடுப்ப இழுக்கற டிராக்ஷன் வைத்தியமும் வழக்கமா குடுக்க வேணாம்னு இருக்கு. நீ முதல்ல கட்டில விட்டு எறங்கு. லேப்டாப்ப கண்ணு மட்டத்துக்கு புத்தகம் அடுக்கி வெச்சுக்க, கீபோர்டு தனியா வாங்கிக்க, அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வா. நிமிந்து உக்காரணும்னு வெறைப்பா இருக்கறதும் தப்புதான்டா, அதுவும் ஒரே நிலைதானே

அம்மா, 3:10
எனக்கும் சொல்லு. காலைல காவிரி தண்ணி வர்ற அன்னைக்கு இடுப்பு போயிருது

நான், 3:17
அம்மா உங்கள நான் நேத்தே பாத்தேன். அஞ்சு மணிக்கு தண்ணி வந்துருச்சுன்னு பாய்ல இருந்து எந்திரிச்ச வேகத்துல போய் குனிஞ்சு குடத்த தூக்கறீங்க. ராத்திரி படுத்திருக்கறப்ப முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு தண்ணிய உறிஞ்சி உப்பிருக்கும், அதனாலதான் காலைல நம்ம ஒசரம் ஒரு சென்டிமீட்டர், சில பேருக்கு அதுக்கும் மேல கூட இருக்கும். உப்பி இறுக்கமா இருக்கற அந்த நேரத்துல குனிஞ்சு பாரம் தூக்குனா ஜவ்வுக்கு கெடுதல். ஒரு அரை மணி நேரம் நடமாடிட்டு தூக்குங்க, இல்ல தம்பி பொண்டாட்டி கிட்டயோ என்கிட்டயோ விடுங்க. பெரிய குடம் பதினஞ்சு லிட்டர்னா பதினஞ்சு கிலோ அம்மா, குடமும் சேத்தா இன்னும் கூட. பாதி பாதியா ரெண்டு நடையா எடுங்க. குனியறப்ப முதுக வளைக்காம பின்னாடி மணைல உக்காரப் போற மாதிரி இடுப்ப பின்னாடி தள்ளி, முழங்கால மடக்கி, குடத்த வயித்தோட ஒட்டி தூக்குங்க. தூக்கிட்டே திரும்பாதீங்க, கால நகத்தி திரும்புங்க

ஏற்காடு அத்தை, 3:30
எனக்கு முழங்கால் கண்ணு. தோட்டத்துல ஏறறப்ப ஒன்னும் இல்ல, எறங்கறப்ப சுளீர்னு குத்துது. காப்பி பறிக்கற சீசன்ல தை மாசம் வரைக்கும் தெனமும் எறங்கி ஏறணுமே

நான், 3:36
எறங்கறப்பதான் அத்தை முட்டிச் சில்லுல பாரம் அதிகமா விழும், தொடை முன் சதை அத பிரேக் மாதிரி புடிக்கணும், அந்த சதை மெலிஞ்சா முட்டி வாங்கிக்கும். நேரா கீழ எறங்காம குறுக்கால வளைஞ்சு வளைஞ்சு எறங்குங்க, மலை ரோடே இருவது கொண்டை ஊசி போட்டுத்தானே எறங்குது. கைல ஒரு குச்சி வெச்சுக்கங்க. வீட்ல நாற்காலில இருந்து கைய ஊனாம எந்திரிச்சு மெதுவா உக்காருங்க, பத்து தடவ, காலைலயும் சாயங்காலமும். முட்டி வீங்குனாலோ, சூடா செவந்து இருந்தாலோ, மடக்க நீட்ட முடியாம பூட்டிக்கிட்டாலோ அப்ப சேலம் வாங்க, டாக்டர பாக்கலாம்

அண்ணி, 3:48
என் பொண்ணோட ஸ்கூல் பேக் எட்டு கிலோ இருக்கு, அவளே முப்பது கிலோதான்

நான், 3:50
மூணு கிலோவுக்கு மேல கூடாது அண்ணி, 2020ல வந்த மத்திய அரசோட ஸ்கூல் பேக் கொள்கையே பிள்ளைங்க எடைல பத்துல ஒரு பங்குதான்னு சொல்லுது. டீச்சர்கிட்ட அத காட்டி டைம் டேபிள் படி புக் கொண்டு வர கேளுங்க. ரெண்டு தோள்லயும் மாட்டட்டும்

நான், 3:58
எல்லாரும் இத மட்டும் மறக்காதீங்க, நான் இங்க இல்லாதப்ப யார்கிட்ட கேக்கறதுன்னு இருந்துராதீங்க. இடுப்பு வலியோட ஒன்னுக்கு ரெண்டுக்கு வர்றது தெரியாம போனாலோ, உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்து பாதம் தூக்க முடியலன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. வலியோட காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையறது, வயசானவங்க விழுந்ததுக்கு அப்புறம் வர்ற முதுகு வலி, இதுக்கும் டாக்டர்தான் முதல்ல. இடது தோள், தாடை வலியோட வேர்த்துக் கொட்டுச்சுன்னா அது கழுத்து வலி இல்ல, இதயம். எங்கிட்ட வரவே கூடாத வலி இதெல்லாம்

அம்மாபேட்டை பெரியப்பா, 4:20
இவ்வளவு பொறுமையா சொன்னதுக்கு நல்லா இரு கண்ணு. நான் நாளைக்கு தச்சர கூட்டிட்டு பட்டறைக்கு போய் அந்த பலகைக்கு கால் வெச்சு ஒசத்தி தரச் சொல்றேன், எவ்வளவு ஒசரம் வேணும்

நான், 4:24
உக்காந்து கைய மடக்குனா முழங்கை எங்க வருதோ அதுக்கு ஒரு நாலு விரல் அகலம் மேல பெரியப்பா, சின்ன வேலைங்கறதால ஒசரமாத்தான் இருக்கணும். கைய ஊனிக்க ஓரத்துல எடம் விடச் சொல்லுங்க. லைட்ட முன்னாடி இடது பக்கம் மாத்திரலாம். சித்தப்பா கூட வேலை செய்யற அண்ணனுங்க நாலு பேருக்கும் அதே மாதிரி பலகை போடலாம், அவங்களும் அப்படித்தான் குனிஞ்சிருக்காங்க, செலவு நான் தர்றேன்

சிவதாபுரம் சித்தப்பா, மாலை 6:02
தூங்கி இப்பதான் எந்திரிச்சேன். கிர்ருங்கறது குறைஞ்சிருக்கு. எல்லாத்தையும் படிச்சேன் சாமி. கண்ணாடி கடை ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா

நான், 6:04
இன்னைக்கு படுத்துக்கங்க சித்தப்பா. நாளைக்கு தலசுத்தல் சுத்தமா நின்னுச்சான்னு பாத்துட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். வர்றப்ப ஒரு கொலுசும் இடுக்கியும் எடுத்துக்கலாம், பட்டறைல எவ்வளவு தூரத்துல வெச்சுப் பாப்பீங்களோ அந்த தூரத்துக்கு பவர் பாத்து போடச் சொல்லலாம்