கத்தரீனின் சீதனம்: எழுதியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு?

சுவடிப்பிரியன்
போர்ச்சுகல் இளவரசி கத்தரீனை மணந்ததால் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் பம்பாய் சீதனமாகக் கிடைத்தது என்று படிக்கிறோம். கல்யாணம் 1662-இல். ஆங்கிலேயர் தீவுக்குள் நுழைந்ததோ 1665-இல். நடுவில் மூன்று வருடம் ஏன் போனது? ஊரையே சீதனமாகக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கமா?

மாலுமி
1661 ஜூன் ஒப்பந்தத்தில் எழுதியவை: மொராக்கோக் கடற்கரையில் உள்ள டாஞ்சியர், பம்பாய், 20 லட்சம் குரூசாடோ (போர்ச்சுகீசிய நாணயம்) பணம், பிரேசிலிலும் கீழை நாடுகளிலும் வணிகச் சலுகை. டாஞ்சியரில் சிக்கலில்லை, பெண்ணை அழைக்க வருவதற்கு முன்பே, 1662 ஜனவரியில், ஆங்கிலப் படை அங்கே இறங்கிவிட்டது. (1684-இல் அதைக் கைவிட்டுப் போனது தனிக்கதை.)

பம்பாயில்தான் தகராறு. 1662 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஆபிரகாம் ஷிப்மன் படையோடு வந்தார். அவருடைய அதிகாரப் பத்திரம் முறைப்படி இல்லையென்று போர்ச்சுகீசியர் தீவைத் தரவில்லை. போர்ச்சுகீசிய இந்தியாவின் புதிய வைஸ்ராய் மெலோ இ காஸ்ட்ரோ வந்ததே அதே ஆங்கிலக் கப்பல்களில்! எல்லை விஷயத்திலும் வழக்கு: பக்கத்திலுள்ள தானா, சால்செட் எல்லாம் சேர்த்தி என்றார்கள் ஆங்கிலேயர், பம்பாய்த் தீவு மட்டும் என்றார்கள் போர்ச்சுகீசியர். ஷிப்மனின் ஆட்கள் கார்வார் அருகே அஞ்சதீவில் காத்துக்கிடந்து, நோயில் பெரும்பாலோர் செத்தார்கள். ஷிப்மனும் 1664-இல் இறந்தார். அவருடைய செயலர் ஹம்ப்ரி குக், வைஸ்ராய் வைத்த நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டு, 1665 பிப்ரவரியில் தீவை வாங்கினார். 1668-இல் ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்கு அது கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது.

கணக்கப்பிள்ளை
பணத்தையும் சொல்லுங்கள். பாதி மணப்பெண்ணோடு கப்பலில், மீதி ஒரு வருடத்துக்குள் என்பது பேச்சு. பெண்ணை அழைக்க லிஸ்பனுக்குப் போன சாண்ட்விச் பிரபுவிடம் கத்தரீனின் தாய், ராஜமாதா லூயிசா கொடுத்தது சர்க்கரை, மசாலாச் சரக்கு, உண்டியல்கள் (பிறகு பணமாக மாற்றிக்கொள்ளும் சீட்டுகள்). ஸ்பெயினோடு நடந்த போர் கஜானாவைக் காலி செய்திருந்தது. சரக்கை லண்டனில் விற்றுக் காசாக்க துவார்த்தே த சில்வா என்ற வணிகரையும் கூடவே அனுப்பினார்கள். பாக்கி பல வருடம் இழுத்தது.

லிஸ்பனிலேயே பதிலாள் வைத்துத் தாலி கட்டும் வழக்கமான சடங்கு இதில் நடக்கவில்லை. கத்தரீனின் பிரகன்சா வம்சத்தைப் போப் அப்போது அங்கீகரிக்கவில்லை. புராட்டஸ்டண்ட் மாப்பிள்ளைக்கு அனுமதி கேட்டு ரோமுக்கு எழுதினால், பெண்ணை அரசர் மகள் என்று குறிக்க மாட்டார்கள் என்ற அச்சம். அதனால் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் முதலில் ரகசியமாகக் கத்தோலிக்க முறை, பிறகு எல்லார் முன்னும் ஆங்கிலிக்கன் முறை.

பழந்தாள்
ஊர் கொடுத்தது வழக்கமல்ல, ஸ்பெயினுக்கு எதிராகத் துணை தேடிய நெருக்கடி. வழக்கம் ரொக்கம். அதைக் குறைக்கத்தான் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். 1525-இல் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜுவான், ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை கத்தரீனாவைக் கட்டினார். 1526-இல் சார்லஸ், ஜுவானின் தங்கை இசபெல்லைக் கட்டினார். இசபெல்லின் சீதனம் 9 லட்சம் தோப்லா (காஸ்டீல் பொன் நாணயம்). அதில் சார்லஸ் தன் தங்கைக்குத் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டார்கள். இரண்டு ஜோடியும் பெரியம்மா-சித்தி பிள்ளைகள், எனவே போப்பின் விதிவிலக்கு வேண்டும். 1729-இல் இரு நாட்டு எல்லையில் காயா ஆற்றின் மேல் மண்டபம் கட்டி, போர்ச்சுகல் இளவரசி பார்பராவை ஸ்பெயினுக்கு அனுப்பி ஸ்பெயின் இளவரசி மரியானா விக்டோரியாவை அழைத்ததும் இதே கணக்குதான்.

சீதனம் பெரிதானால் கல்யாணமே நின்றும் போகும். இசபெல்லுக்குத் தகப்பன் ஒன்று, தாய் வேறான தங்கை மரியா (1521–1577) கடைசிவரை மணமாகாமலே இருந்தார். அவர் வெளிநாடு போனால் நாட்டை விட்டுப் போகும் தொகை அவ்வளவு.

சுவடிப்பிரியன்
நன்றி. இசபெல் என்று பலர் வருகிறார்களே, எப்படிப் பிரிப்பது?

பழந்தாள்
பெயரை விடுங்கள், தகப்பனையும் கணவனையும் பிடியுங்கள். போர்ச்சுகல் அரசர் முதலாம் ஜுவானின் மகள் 1430-இல் பர்கண்டிப் பிரபு பிலிப்பை மணந்தவர். மணப்பேச்சின்போது அவரை வரைய ஓவியர் வான் ஐக் போர்ச்சுகலுக்குப் போனார். அதே ஜுவானின் பேத்தி 1447-இல் காஸ்டீல் அரசரை மணந்தவர், ஸ்பெயினின் இசபெல் ராணியைப் பெற்றவர். மூன்றாம் ஜுவானின் தகப்பன் மனுவேலின் மகள்தான் 1526-க்காரர். இன்னொன்று: அரசரின் மகள்கள் ‘இன்ஃபான்டா’. ‘பிரின்செசா’ என்றிருந்தால் பெரும்பாலும் பட்டத்துக்குரியவர், அல்லது பட்டத்து இளவரசனின் மனைவி.