பெருங்குடல் புற்றுநோயும் ஹிஸ்டமினும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மாமாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஒபரேஷன் முடிந்து, இப்போது மட்டக்களப்பில் கீமோ ஏற்றுகிறார்கள். ஒவ்வாமையில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் சில மீன்களில் கூடுதலாகச் சேரும், அது கூடினால் புற்று திரும்பவும் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சூரை, கருவாடு எதையும் தொடுகிறாரில்லை. மாமி ஆக்கி வைக்கும் குழம்பு சட்டியோடு கிடக்கிறது, ஆள் மெலிந்துகொண்டே போகிறார்.

நான் வாசித்த அளவில் விஷயம் அவ்வளவு நேரடியானதல்ல. ஹிஸ்டமினை நம் உடலே உண்டாக்குகிறது. ஜப்பானில் 64 நோயாளிகளிடம் செய்து 2002இல் வெளியான ஆய்வில், கீமோ மருந்தோடு சிமெடிடின் குளிசையும் எடுத்தவர்களில் 84.6 சதவீதம் பேர் பத்து வருடம் தாண்டியிருக்கிறார்கள். எடுக்காதவர்களில் 49.8 சதவீதம்தான். வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் அந்தக் குளிசை, ஹிஸ்டமின் கலங்களில் ஒட்டி வேலைசெய்யும் இடங்களில் ஒன்றான எச்2 ஏற்பியைத் தடுப்பது. சின்ன ஆய்வுதான், சரி. ஆனால் 2011இல் வந்த இன்னொன்று மறுபக்கம் பேசுகிறது: ஹிஸ்டமினே சுரக்காத சுண்டெலிகளுக்குத்தான் குடற்புற்று கூடுதலாக வந்ததாம். நோய் எதிர்ப்புக் கலங்கள் முதிர்வதற்கே அது தேவைப்படுகிறது.

குழுவில் இருக்கும் டொக்டர்மார், தாதி அக்காமார் சொல்லுங்கள். ஐஸில் வைத்த புது மீனை அவர் பயமில்லாமல் சாப்பிடலாம்தானே? சிமெடிடின் பற்றிப் புற்றுநோய் டொக்டரிடம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? சில கீமோ மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் கூட்டும் என்பதால் நாங்களாக வாங்கிக் கொடுக்கப்போவதில்லை. புதன்கிழமை கிளினிக். அதற்கு முதல் என்ன கேட்கவேண்டும் என்று சொன்னால் எழுதிக்கொண்டு போவேன்.