தெர்மல் கட்-அவுட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

திருநகரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சுவர் அலமாரியில் பதிக்கும் மின் ஓவனைப் பழுது பார்க்கும் கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. எலிமென்ட்டுக்குச் 'சூடேற்றி', சென்சாருக்கு 'உணரி' என்று எழுதியாயிற்று. ஓவனை ஓவன் என்றே விட்டிருக்கிறோம். 'அவன்' என்று எழுதினால் 'அவன் சூடாகவில்லை' என்று வந்து தொலைக்கும்.

மீதி நிற்பது தெர்மல் கட்-அவுட். மதுரையில் கட்-அவுட் என்றால் என்ன நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, கடையிலும் பட்டறையிலும் இதையும் 'தெர்மோஸ்டாட்' என்றே சொல்கிறார்கள். ஒரே பேரில் மூன்று சாமான் ஓடுகிறது. 'தெர்மோஸ்டாட் போச்சு' என்று ஆள் அனுப்பினால் எது வந்து சேரும் என்று தெரியாது.

வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 60335-1 இவற்றைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. தெர்மோஸ்டாட் வழக்கமான ஓட்டத்தில் வெப்பத்தை இரண்டு அளவுகளுக்கு நடுவே வைத்திருப்பது. கட்-அவுட் வழக்கம் தவறினால் மட்டும் சர்க்கியூட்டைத் திறப்பது. அதன் அளவைப் பயன்படுத்துபவர் மாற்ற முடியாது. அதிலேயே தானாக மீள்வது, மீளாதது என்று இரண்டு. ஒரே ஒரு தடவை வேலை செய்துவிட்டு மாற்றச் சொல்வது தெர்மல் லிங்க், நாம் தெர்மல் ஃபியூஸ் என்கிறோமே அது.

என் முன்மொழிவு: மிகைவெப்பத் துண்டிப்பான். கருத்துச் சொல்லுங்கள்.

சிம்மக்கல்லிலிருந்து:

வணக்கம் சார். சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நீளம். வயரில் ஒட்டுகிற சீட்டில் எழுத முடியாது. போனில் சொன்னால் பாதியில் நிற்கும். 'சூட்டுவெட்டி' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 'வெட்டி' என்றால் நம்ம ஊரில் வேலையில்லாமல் திரிகிறவன். ஓவனிலேயே முக்கியமான காவல் சாமானுக்கு அந்தப் பேரா?

எந்தப் பேர் வைத்தாலும், அதைக் கேட்டதும் ஆளுக்கு 'இது விழுந்ததற்கு, அதாவது சர்க்கியூட்டைத் திறந்ததற்கு, வேறு ஒரு காரணம் இருக்கும்' என்று தோன்ற வேண்டும். இப்போது நடப்பது என்னவென்றால், விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, சூடு மட்டும் இல்லை. ஓவனை இழுத்து, பின்பக்கத் தகட்டில் வட்டமாக இருக்கும் பைமெட்டல் சாமானை அளக்கிறார்கள், தொடர்பு இல்லை, இரண்டு வயரையும் ஒன்றாகப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். ஓவன் சுடும். அன்றைக்குச் சரிதான். அடுத்த தடவை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அலமாரிப் பலகைதான் கருகும்.

அது விழக் காரணங்கள், நான் தேடும் வரிசையிலேயே:

முதலில் குளிர்விக்கும் விசிறி. ஓவன் உள்ளே இருக்கும் விசிறி இல்லை. மேலே, பலகைக்கும் பேனலுக்கும் நடுவே படுத்த வாக்கில் நீளமாக இருப்பது. எண்ணெய்ப் பிசுக்கில் இறுகியிருக்கும், அல்லது சுருள் அறுந்திருக்கும். கரண்ட் இல்லாமல் விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

அடுத்து அலமாரி. மாடுலர் கிச்சன் செய்கிற தச்சர் 560 மில்லிமீட்டர் அகலக் குழியை அளவு பிசகாமல் எடுத்துவிடுவார், ஆனால் 'பூச்சி வரும்' என்று பின்பக்கம் பிளைவுட் அடித்து மூடிவிடுவார். சூட்டுக் காற்று வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும். கம்பெனித் தாளில் எத்தனை இடைவெளி என்று படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து அறுத்துவிடச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கதவு ரப்பர். கிழிந்திருந்தால் சூடு முன்பக்கமாக ஏறிப் பேனலுக்குப் போகும்.

நான்காவதுதான் தெர்மோஸ்டாட்டே. கேப்பிலரி வகையில், அதாவது திரவம் அடைத்த மெல்லிய குழாய் வைத்ததில், செம்புக் குழாய் நொறுங்கி உள்ளே இருக்கும் திரவம் கசிந்தால், காண்டாக்ட் திறக்க உந்துவதற்கு எதுவும் இல்லை. சூடேற்றி ஓடிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த மாடலில் அதே வேலையை ஒட்டிக்கொண்ட ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) செய்யும். கரண்ட்டை எடுத்துவிட்டு ரிலேயின் இரண்டு கால்களுக்கு நடுவே அளந்தால் சுழி ஓம் காட்டும், திறந்திருக்க வேண்டியது.

இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் கட்-அவுட்டையே சந்தேகப்பட வேண்டும். அதுவும் கெடும். காண்டாக்ட் கருகி, 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1 ஓம் நின்றால் அந்த இடத்திலேயே 100 வாட் சூடு. தன் சூட்டிலேயே தான் விழும்.

திருமங்கலத்திலிருந்து:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் இலக்கணப் பக்கம் மட்டும். சிம்மக்கல் நண்பர் சொன்ன நீளத்தை ஒப்புக்கொள்கிறேன். 'சூட்டுத்துண்டி' என்றால் என்ன?

உடனே ஒரு மறுப்பு வரும்: உருகு, உருகி, வடிகட்டு, வடிகட்டி என்று இகரம் சேர்ந்து கருவிப்பெயர் ஆகிறது, துண்டி ஏற்கெனவே இகரத்தில் முடியும் வினை, ஆகவே ஏவல் போலக் கேட்கும் என்று. ஆனால் ஏவலாக இருந்தால் 'சூட்டைத் துண்டி' என்று ஐகாரம் வந்திருக்கும். 'சூட்டு' என்று நின்று வலி மிகும்போது பெயர் என்பது காதுக்கே தெரிகிறது. துண்டிப்பான் பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். பட்டறைக்குத் துண்டி போதும்.

'வெப்பத்துண்டி' என்று போடலாமா என்றும் யோசித்தேன். வெப்பம் பொதுச்சொல். இந்தச் சாமான் வெப்பத்தைத் துண்டிப்பதில்லை, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. 'சூடு' என்றால் தமிழில் கொஞ்சம் அளவு மீறிய தொனி இருக்கிறதல்லவா, அது இங்கே பொருந்துகிறது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். வரைவில் பல இடத்தில் 'மின்தடை உள்ளதா பார்க்க' என்று இருக்கிறது. பாடநூலில் மின்தடை என்பது ஓம் கணக்கு. செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் கரண்ட் இல்லை. பழுது பார்க்கும் கையேட்டில் இந்த இரண்டும் கலந்தால் ஆபத்து. 'ஓம் அளவு' என்றே எழுதிவிடுங்கள்.

மேலூரிலிருந்து:

சூட்டுத்துண்டிக்கு என் ஓட்டு. ஆனால் 'ட்ரிப்' என்ற சொல்லை என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணே? வீட்டுக்காரர் 'ஓவன் ட்ரிப் ஆகுது' என்பார். துண்டி விழுந்ததா, வீட்டு மெயின் போர்டில் கரண்ட் மிஞ்சினால் விழும் எம்.சி.பி. விழுந்ததா, கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. விழுந்ததா? மூன்றுக்கும் மூன்று வழி. கையேட்டில் முதல் கேள்வியாக இதுதான் இருக்க வேண்டும்: மெயின் போர்டில் எந்தச் சுவிட்ச் கீழே கிடக்கிறது?

எதுவும் கீழே இல்லை, சூடு மட்டும் இல்லை என்றால் துண்டி அல்லது சூடேற்றி. எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது மிகைச்சுமை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தால் எர்த்துக்குக் கசிவு.

கசிவுதான் ஆளை அலைக்கழிப்பது. சூடேற்றியின் உள்ளே நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓவனைத் தொடாமல் வைத்துவிட்டு மார்கழியில் கேக்குக்காகப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுவது இதனால்தான். மல்டிமீட்டர் இதைக் காட்டாது. அதன் உள்ளே இருப்பது சின்ன பேட்டரி. 500 வோல்ட் மெகர், அதாவது உயர் வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் ஓம் மீட்டர், வேண்டும். சூடேற்றியின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, கம்பிக்கும் உறைக்கும் நடுவே அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஈரமோ விரிசலோ. வயரைக் கழற்றாமல் மெகர் அடித்தால் ஓவனின் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும், இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஈரம்தான் என்று பட்டால் கழற்றி எடுத்து, வேறு ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் காய வைத்து, ஆறிய பிறகு மறுபடி மெகர். ஏறவில்லை என்றால் புதிது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கிடையாது.

ஓவன் அணைத்திருக்கும்போதே விழுகிறது, ஆகவே ஓவன் காரணமில்லை என்பார்கள். அதுவும் தப்பு. பல மாடல்களில் ஓவன் குமிழ் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடர்ந்து இருக்கும். சூடேற்றியின் நியூட்ரல் முனை உறையைத் தொட்டால், பக்கத்தில் கிரைண்டர் ஓடினாலே நியூட்ரல் கரண்ட்டில் கொஞ்சம் எர்த் வழியாகப் போய் ஆர்.சி.சி.பி. விழும்.

ஓம் கணக்கை ஒரு வரியில் கொடுங்கள்: 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 2000 வாட் என்றால் 26 ஓம் சொச்சம், 1200 என்றால் 44. நம்ம பக்கம் சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் சூடேற்றி முக்கால் பங்கு சூடுதான் தரும். கெடவில்லை, அவ்வளவுதான் வரும்.

சிம்மக்கல்லிலிருந்து:

மேலூர் தம்பி சொன்ன மெகர் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. துண்டி வகைகளுக்குப் பேர் பிரிக்கலாமா? தானாக மீள்வது 'மீள்துண்டி'. நடுவில் சின்னப் பொத்தான் இருப்பது 'அமுக்குத்துண்டி'. சூடு ஆறியபின் அமுக்கினால் டக்கென்று ஒரு சத்தம் வரும். கே.எஸ்.டி. 301 என்று கடையில் கிடைப்பது இரண்டு வகையிலும் உண்டு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. கம்பெனி அமுக்குத்துண்டி போட்ட இடத்தில் மீள்துண்டியைப் போட்டால், பழுது அப்படியே இருக்க ஓவன் ஆறி ஆறித் திரும்பச் சுடும், யாருக்கும் தெரியாது. பேர் பிரிந்தால்தான் இந்தத் தப்பு நிற்கும்.

மாற்றும்போது உடம்பில் அடித்திருக்கும் டிகிரியும் ஆம்பியரும் அதேதானா என்று பார்க்க வேண்டும். 'அடிக்கடி விழுகிறது' என்று 20 டிகிரி கூட்டிப் போடக் கூடாது. தகட்டோடு முழு முகமும் ஒட்ட வேண்டும். ஸ்க்ரூ சாய்ந்து இடைவெளி விட்டால் தாமதமாக விழும். வயர் சிலிகான் அல்லது கண்ணாடி இழை உறை. சாதா பி.வி.சி. வயருக்கு 70 டிகிரிதான் கணக்கு. முனையைக் கிரிம்ப் பண்ண (நசுக்கிப் பிடிக்க வைக்க) வேண்டும், ஈயம் வைக்கக் கூடாது. 60/40 ஈயம் 190 டிகிரி எட்டுவதற்குள் உருகிவிடும்.

திருமங்கலத்திலிருந்து:

மீள்துண்டி, அமுக்குத்துண்டி இரண்டும் நன்றாக இருக்கின்றன. தெர்மல் ஃபியூஸுக்கு 'சூட்டுருகி' என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குத் தயக்கம். உருகி என்றதும் மாணவன் ஆம்பியரைத்தான் பார்க்கிறான். 10 ஆம்பியர் போய்விட்டது, 15 போடுவோம் என்கிறான். இது கரண்ட்டால் போகவில்லை, சுற்றிலும் ஏறிய சூட்டால் போனது. 'ஒருமுறைத்துண்டி' என்றால் குடும்பமும் தெரியும், மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் தெரியும்.

திருநகரிலிருந்து:

மிகைவெப்பத் துண்டிப்பானைத் திரும்பப் பெறுகிறேன். சூட்டுத்துண்டி பொதுப்பெயர், மீள்துண்டி, அமுக்குத்துண்டி, ஒருமுறைத்துண்டி வகைப்பெயர்கள். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'கடையில் தெர்மல் கட்-அவுட் என்று கேட்கவும்' என ஒரு வரி சேர்க்கிறேன். தெர்மோஸ்டாட் அப்படியே இருக்கட்டும். அதுக்கும் இன்னொரு சொல் தேடினால் கையேடு அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கும் வராது.

சூட்டுத்துண்டிப் பகுதி இப்படி மாறுகிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"ஓவனுக்கான எம்.சி.பி.யை இறக்கி, வேறு யாரும் ஏற்றாதபடி சீட்டு ஒட்டவும். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து வேலை செய்கிறதா பார்த்து, பிறகு ஓவன் டெர்மினலில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து, மறுபடி அதே பிளக்கில் ஒருமுறை சரிபார்க்கவும். டெஸ்டர் பல்பு எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். கதவைக் கீலின் கொக்கி போட்டுக் கழற்றவும். கொக்கி போடாவிட்டால் ஸ்பிரிங் விரலை நசுக்கும். பக்கச் சட்டத்தின் ஸ்க்ரூக்களை எடுத்து, இரண்டு பேராக இழுத்து, அதே உயரத்தில் மேசை மேல் வைக்கவும். எடை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். சூட்டுத்துண்டியின் ஒரு வயரையாவது கழற்றிவிட்டு அளக்கவும். ஆறிய நிலையில் 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். திறந்திருந்தால் விசிறி, அலமாரியின் பின்பக்கம், கதவு ரப்பர், தெர்மோஸ்டாட் அல்லது ரிலே ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் புதியதைப் போடக் கூடாது. சோதனைக்காகக்கூடத் துண்டியின் இரு வயரையும் நேராக இணைக்கக் கூடாது."

மேலூரிலிருந்து:

'பி.டி. 1000 (பிளாட்டினம் வெப்ப உணரி) உள்ள மாடலில் அதன் ஓமையும் பார்க்கவும்' என்று சேருங்கள். 30 டிகிரி அறையில் 1117 ஓம் பக்கம் இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3.85 ஓம் ஏறும். குறைவாகக் காட்டினால் போர்டு ஓவனைக் குளிர்ந்ததாக நினைத்து மேலும் மேலும் சுடும், துண்டி விழும்.

திருநகரிலிருந்து:

சேர்த்துவிட்டேன் தம்பி. எர்த்துக்கு 'புவியிணைப்பு' போடுவதா வேண்டாமா என்பதைத் தனி மடலில் தொடங்குகிறேன்; இதிலேயே போட்டால் துண்டி காணாமல் போய்விடும்.