‘டக்’னு சத்தம் வந்தும் ஃபிஃப்த் வீல் கைப்பிடி உள்ளே போகலை – உதவி வேணும்

தேவகோட்டை ஓட்டுநர்:
அண்ணன்மாரே, 11 வருஷம் 10 சக்கர லாரி ஓட்டுனவன். ட்ரெய்லருக்கு வந்து 2 மாசம்தான் ஆகுது. புதுவயல்ல ஒரு அரிசி மில்லுல காலி ட்ரெய்லரை முந்தாநாள் கழட்டி விட்டேன். ராத்திரி நல்ல மழை. செம்மண்ணுல ட்ரெய்லரைத் தாங்கி நிக்கிற முன் கால் ரெண்டுல இடது கால் ஒரு சாண் இறங்கிருச்சு. கிளீனர் தம்பி ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில புளியங்கட்டை கொடுத்து, ரெண்டு காலையும் நல்லா உசத்தி விட்டுட்டான். இப்ப ரிவர்ஸ்ல போய், ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டுற தட்டு இருக்கே, அந்த ஃபிஃப்த் வீல்ல சேர்த்தேன். ‘டக்’னு சத்தம் கேட்டுச்சு, ஆனா பூட்டு விழுந்தா உள்ள போக வேண்டிய கைப்பிடி பாதி வெளியவே நிக்குது. சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுன்னு மில்லுல சொல்றாங்க. தட்டலாமா?

திருமயம் ட்ரெய்லர்காரர்:
தட்டாதீங்க தம்பி, வண்டியையும் நகத்தாதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில வச்சுக்கங்க. ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை இருக்கான்னு பாருங்க. அப்புறம் பக்கவாட்டுல குனிஞ்சு டார்ச் அடிங்க. ஃபிஃப்த் வீல் தட்டும் ட்ரெய்லர் அடித்தட்டும் ஒட்டி உக்காந்திருக்கா, நடுவுல வெளிச்சம் தெரியுதா?

தேவகோட்டை ஓட்டுநர்:
தெரியுதுண்ணே. மூணு விரல் தாராளமா நுழையுது.

காரைக்குடி மெக்கானிக்:
அதான் விஷயம். ட்ரெய்லர் ரொம்ப உசரத்துல நிக்குது. ஃபிஃப்த் வீலுக்குள்ள இருக்கிற பூட்டுத் தாடை கவ்வ வேண்டியது, ட்ரெய்லர் அடியில நீட்டிக்கிட்டிருக்கிற இரும்பு முளையான கிங் பின்னோட கழுத்தை. உங்களுக்குப் பின் மேல ஏறி நிக்கிறதால, கீழ இருக்கிற விளிம்புல தாடை முட்டி நிக்குது. அந்தச் சத்தத்தை நம்பவே கூடாது.

கைப்பிடியை முழுசா இழுத்துத் தாடையைத் திறந்து, மெதுவா முன்னாடி வந்துருங்க. காலைச் சுத்தி ட்ரெய்லரை இறக்குங்க. ஃபிஃப்த் வீலைவிட ஒரு அங்குலம் தாழ்வா இருக்கணும். வண்டி பின்னால போறப்ப ட்ரெய்லர் மூக்கை லேசாத் தூக்கிக்கிட்டே உள்ள போனாத்தான் சரியான உசரம். ரொம்பவும் இறக்கிடாதீங்க, தட்டு போய் ட்ரெய்லர் முகப்புல இடிக்கும். தாடையில பழைய கிரீஸும் மண்ணும் இறுகியிருந்தா சுரண்டித் துடைச்சுப் புதுசு தடவுங்க.

புதுக்கோட்டை ஓட்டுநர்:
அவசரம்னா கைப்பிடியைக் கயித்தால கட்டி காரைக்குடி வரைக்கும் மெதுவா ஓட்டலாமே?

திருமயம் ட்ரெய்லர்காரர்:
வேண்டவே வேண்டாம். பல வருஷம் முன்னாடி நான் அப்படித்தான் கிளம்பினேன். ஒரு வேகத்தடையில ஏறி இறங்குனதும் ட்ரெய்லர் கழண்டு, ஏர் ஓஸ் ரெண்டும் அறுந்து, நடுரோட்டுல மூக்கைக் குத்தி நின்னுச்சு. நல்லவேளை, அந்த நேரம் பக்கத்துல சைக்கிள்ல ஒரு பிள்ளை கூட வரலை. இன்னைக்கும் அந்த இடத்தைத் தாண்டுறப்ப வயிறு கலங்கும்.

தேவகோட்டை ஓட்டுநர்:
இறக்கிட்டு மறுபடி சேர்த்தேன். கைப்பிடி தானா உள்ள போயிருச்சு, இடைவெளி இல்லை. ட்ரெய்லர் பிரேக் பிடிச்ச நிலையில முதல் கியர்ல முன்னால இழுத்துப் பார்த்தேன், அசையலை. பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், தாடை கழுத்தைக் கவ்வியிருக்கு. காலைத் தூக்கிட்டேன். இப்ப புதுசா ஒண்ணு: ட்ரெய்லர் பிரேக் விடவே மாட்டேங்குது. கேஜ்ல காற்று ஏறிருச்சு.

காரைக்குடி மெக்கானிக்:
சிவப்பு, மஞ்சள் ஏர் ஓஸ் ரெண்டும் இடம் மாறியிருக்கும். சிவப்புலதான் எப்பவும் காற்று நிக்கும். மஞ்சள்ல நீங்க பிரேக் மிதிச்சாத்தான் வரும். மாத்திக் கொடுத்தா ட்ரெய்லர் டேங்குக்குக் காற்றே போகாது. ரப்பர் வாஷரையும் பாருங்க.

தேவகோட்டை ஓட்டுநர்:
அதேதாண்ணே! மாத்திக் கொடுத்ததும் ‘புஸ்’னு விட்டுருச்சு. கரண்ட் வயரும் மாட்டி இண்டிகேட்டர், பிரேக் லைட் பார்த்தாச்சு. ரொம்ப நன்றி.

காரைக்குடி மெக்கானிக்:
கட்டைகளை எடுத்துட்டுக் கிளம்புங்க. வழியில பட்டறைக்கு வந்தா கிங் பின் கழுத்தோட விட்டத்தை அளந்து தர்றேன். புதுசுல 50.8 மில்லிமீட்டர் இருக்கும்; 49க்குக் கீழ தேஞ்சிருந்தா மாத்தணும்.