மறு: ஸ்டாகர்ட் ப்ரீத்திங் – முறைமூச்சு சரியா வருமா?

ஐயா, வணக்கம். கூட்டமா பாடுறப்ப சத்தம் அறுபடாம ஆளுக்கொரு நேரத்துல மூச்சு எடுக்கறதை இங்கிலீஷ்ல 'ஸ்டாகர்ட் ப்ரீத்திங்'னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ச் சொல் தேடுறோம்ல, அதுல 'தடுமாற்று மூச்சு' வேணாங்க, அகராதில தள்ளாடுறதுன்னு போட்டிருக்கு சரி, ஆனா அதைக் கேட்டா கொயர்ல யாருக்கோ மூச்சுத்திணறல்னு ஓடி வந்துடுவாங்க :) 'சுழல்மூச்சு' அதைவிட வேற. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுறவர் கன்னத்துல காத்தை அடக்கிக்கிட்டு மூக்கால இழுப்பாரே அது, ஒரே ஆள் வேலை. நாம தேடுறது கூட்டத்துக்கான சொல்.

நான் சர்ச் கொயர்ல டெனர் (ஆண்கள்ல மேல்குரல்), அதனால என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். ஹேண்டலோட ஹாலேலூயா கோரஸ்ல பெண்குரல்களான சொப்ரானோவும் ஆல்டோவும் 'கிங் ஆஃப் கிங்ஸ்'னு ஒரே ஸ்வரத்துல நீட்டி நிப்பாங்க, கீழ நாங்களும் பாஸும் (ஆண்கள்ல கீழ்க்குரல்) 'ஃபார் எவர்'னு துள்ளிக்கிட்டு இருப்போம், அப்புறம் சொப்ரானோ ஸ்வரம் படிப்படியா மேல ஏறும், மூச்சு பத்தாது. எல்லாரும் ஒரே இடத்துல எடுத்தா நடுவுல பொத்தல் விழும். அதனால பக்கத்துல நிக்கிறவங்க எடுக்கறப்ப நீ எடுக்காத, பார் (இசைக்குறிப்புல தாளக்கட்டம்) முடியற இடத்துல எடுக்காத, ஏன்னா அங்கதான் எல்லாருக்கும் கை அரிக்கும். உயிரெழுத்து நீளுற இடத்துல குரலைத் தேய்ச்சு விட்டு, இழுத்துக்கிட்டு, அதே உயிர்லயே சத்தமில்லாம திரும்ப நுழையணும். எங்க அக்கா ஒருத்தங்க உள்ள வர்றப்ப 'இ'ல வராம திரும்ப 'கி'ன்னு ஆரம்பிச்சாங்க, மொத்த கோயிலுக்கும் கேட்டுச்சு.

வயல்ல முறை வச்சு தண்ணி பாய்ச்சுவோம்ல, வாய்க்கால் ஓடிக்கிட்டே இருக்கும், மடை மட்டும் மாறும். அதுலேருந்துதான் முறைமூச்சு. 'முறையான மூச்சு'ன்னு தப்பா படிப்பாங்கன்னு நீங்க சொன்னது நியாயம், ஆனா மாற்றுமூச்சுன்னா யோகா வகுப்புல மூக்கைப் பொத்துறது ஞாபகம் வருது, அதுக்கு இது தேவலை.

போன வாரம் ப்ராக்டிஸ்ல "மூச்சை முறை வச்சு எடுங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். விளக்கமே கேக்காம செஞ்சாங்க, ஒரு தம்பி மட்டும் "அண்ணே, இடது ஓரத்துலேருந்தா ஆரம்பிக்கணும்?"னான். அங்கதான் இடிக்குது, முறைன்னா வரிசை இருக்கு, இதுல வரிசையே கிடையாது. கள்ளத்தொண்டை (பொய்க்குரல்) மாதிரி 'கள்ளமூச்சு'ன்னு யோசிச்சேன், ஒளிச்சு எடுக்கறது அதுல வருது, ஆனா தனியா பாடுறவங்களும் அப்படி எடுக்கறதுண்டு, கூட்டம் போயிடுது. என் ஓட்டு இப்போதைக்கு முறைமூச்சுக்குத்தான். வரிசை இல்லாத முறைக்கு ஊர்ப்பக்கம் வேற சொல் இருந்தா சொல்லுங்க.