சின்ன கேபினெட், 450 வாட், 2 ஸ்லாட் இடம்: எந்த கிராபிக்ஸ் கார்டு எடுக்கலாம்?

குட்டிப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது மினி ஐடிஎக்ஸ் கணினி. ரைசன் 5 5600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) பவர் சப்ளை. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, ரைசர் கேபிள் (ஸ்லாட்டை நீட்டித்தரும் பட்டைக் கேபிள்) வழியாக போர்டின் முதுகுப்பக்கம் நிற்கிறது. 1080பி மானிட்டர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இப்போது புள்ளிகள் அதிகமுள்ள 1440பிக்கு மாறிவிட்டேன். 6 ஜிபி வீடியோ மெமரி போதவில்லை. டெக்ஸ்ச்சரை மீடியத்துக்கு இறக்கினாலும், கேமில் புது ஊருக்குள் நுழைந்தால் படம் விக்கி விக்கித்தான் ஓடுகிறது.

கேபினெட்டில் 2 ஸ்லாட் தடிமன், 220 மிமீ நீளம் வரைதான் இடம். மேசைமேல் காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சத்தமும் முக்கியம். கேபினெட்டை மாற்ற மனமில்லை, இவ்வளவு சின்னது வேண்டும் என்று தேடி எடுத்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070, 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இந்த மூன்றில் எது சரி?

ஃப்ரேம்வேட்டை:
1440பி என்றால் 5070 எடுங்க ப்ரோ. மூன்றிலும் வேகமானது அதுதான். பவர் சப்ளையை மட்டும் 650 வாட் ஆக்கிவிடுங்கள்.

காற்றோட்டம்:
வேகம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் 5070 எடுப்பது 250 வாட். பவர் சப்ளையை மாற்றலாம், அந்தச் சூடு அதே குட்டிப் பெட்டிக்குள்தானே இறங்கும்? உங்கள் 1660 சூப்பர் 125 வாட். இருமடங்கு சூட்டை வெளியே தள்ள ஃபேன் அலறும். அதுவும் 220 மிமீக்குள் 2 ஸ்லாட்டில் 5070 கிடைப்பதே அபூர்வம்.

என் ஓட்டு 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு. 160 வாட், 450 வாட் பவர் சப்ளையே போதும். இன்னொரு காரணம் உங்கள் போர்டு. பி450இல் கார்டு செருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 வகை. 5060 டிஐ எட்டு லேன் (தரவு போய்வரும் பாதை) கார்டு, 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு. பழைய ஸ்லாட்டில் பதினாறு லேன் இருப்பது நல்லது. இரண்டு கார்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, பெயரும் அதேதான். பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 8 ஜிபி நிரம்பினால் மீதி சிஸ்டம் ராமுக்குப் போகும், மறுபடியும் அதே விக்கல்தான்.

அடுத்தது அளவு. எல்லோரும் நீளத்தைப் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வது தடிமனில். 2 ஸ்லாட் என்றால் சுமார் 40 மிமீ. "2.5 ஸ்லாட்" 50ஐத் தொடும், உங்களுக்கு ஆகாது. உயரத்தையும் அளந்து பாருங்கள். 8 பின் பவர் கேபிள் கார்டின் விளிம்பில் செருகி வளைய இன்னும் 30 மிமீயாவது வேண்டும். நான் எப்போதும் கார்டின் அளவுக்கு அட்டையை வெட்டி, கேபிளோடு உள்ளே வைத்து, பக்கக் கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஃபேன் பக்கம் சல்லடைக் கதவை ஒட்டி இருந்தால் பயப்படாதீர்கள், வெளிக்காற்றை நேராக இழுக்கும், நல்லதுதான்.

நள்ளிரவுராஜா:
5060 டிஐ 16 ஜிபியையும் சட்டென்று ஒதுக்காதீர்கள். 180 வாட்தான். மெமரி நிரம்பாத வரை எட்டு லேன் பெரிய இழப்பில்லை. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி ஃப்ரேமைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நிறைய கேம்களில் இருக்கிறது, அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 இன்னும் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆனால் என்விடியா அதற்கு 600 வாட் பவர் சப்ளை கேட்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

குட்டிப்பெட்டி:
அட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன். 200 மிமீ நீளம், 40 மிமீ தடிமன் தாராளமாக நுழைகிறது. உயரத்தில் கேபிள் வளைய 35 மிமீ மிச்சம். பவர் சப்ளையைத் தொட விருப்பமில்லை, அதனால் 9060 எக்ஸ்டி 16 ஜிபிதான். ரைசர் கேபிள் 3.0 வகை, மாற்ற வேண்டுமா?

காற்றோட்டம்:
வேண்டாம், போர்டே 3.0தானே. பின்னாளில் பிசிஐஇ 4.0 உள்ள பி550 போர்டுக்குப் போனால், போர்டின் பயோஸ் அமைப்பில் ஸ்லாட்டை ஜென் 3 (அதாவது பிசிஐஇ 3.0) என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை கறுத்துப்போக வாய்ப்புண்டு. கார்டு மாற்றும் முன் பழைய என்விடியா டிரைவரை டிடியு (டிரைவரை மிச்சமின்றி நீக்கும் மென்பொருள்) கொண்டு துடைத்துவிடுங்கள். பயோஸை அப்டேட் செய்து, வீடியோ மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பாரையும் ஆன் செய்யுங்கள். அப்புறம் ஏஎம்டி மென்பொருளில் பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் அதிகம் குறையாது, ஃபேன் சத்தம் நன்றாகவே அடங்கும்.